நிறத்தை நம்பாதீங்க: மாரிபோசா லில்லிகளைப் பிரிச்சுப் பார்ப்பது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா அங்கங்க சுருக்கியிருக்கோம்.)



போன மே மாசம், சான் ஹோசேல வேலை பார்க்கிற என் காலேஜ் ரூம்மேட் வாட்ஸ்அப்ல மூணு போட்டோ அனுப்பினான். வீக்கெண்ட்ல மலைப்பக்கம் நடக்கப் போயிருக்கான். ஒரு பூ மஞ்சள், ஒண்ணு வெள்ளை, இன்னொண்ணு வெளிர் ரோஸ். மூணும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. புல்லுக்கு நடுவுல மெலிசா ஒரு தண்டு, அது மேல வானத்தைப் பார்த்த ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள்ள யாரோ மையால பொட்டு வச்ச மாதிரி ஒரு கறை. "ஆப்ல போட்டா ஒவ்வொரு ஆங்கிளுக்கும் ஒரு பேர் சொல்லுதுடா. இது மூணும் ஒரே பூவா, வேற வேறயா?"

நான் பேக்எண்ட் டெவலப்பர். பிளஸ் டூல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், பாட்டனி எனக்குப் பத்தாவதோட முடிஞ்ச கதை. ஆனா இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனா, அங்க நமக்கு நல்லாப் பழக்கமான ஒரு பிரச்சினைதான் உட்கார்ந்திருக்கு. ஒரு ரெக்கார்டுல பத்து ஃபீல்டு இருக்கு. அதுல எதை நம்பி ரெண்டு ரெக்கார்டு ஒண்ணா வேறயான்னு முடிவு பண்றது? அதனாலதான் இந்த எபிசோட்.

முதல்ல ஆளை அறிமுகம் பண்ணிடறேன். மாரிபோசான்னா ஸ்பானிஷ்ல பட்டாம்பூச்சி. தாவரவியல்ல இந்தப் பேரினத்துக்குப் பேர் கலோகார்டஸ். கிரேக்கத்துல 'அழகான புல்'னு அர்த்தம். பூ வராத நேரத்துல பார்த்தா நிஜமாவே வெறும் புல்லுதான். அமெரிக்காவைக் குறுக்கே கடந்துபோன லூயிஸ், கிளார்க் பயணக்குழு 1806ல திரும்பி வர்ற வழியில, இன்னைக்கு இடாஹோன்னு சொல்ற பகுதியில ஒரு செடியைப் பறிச்சு உலர்த்தி எடுத்துட்டு வந்தாங்க. அதை வச்சு ஃபிரெடெரிக் பர்ஷ் 1814ல இந்தப் பேரை வச்சார். சுமார் 70 இனங்கள் இருக்கு. கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியாவுல ஆரம்பிச்சு குவாத்தமாலா வரைக்கும் பரவியிருக்கு. பாதிக்கு மேல கலிஃபோர்னியாவுலதான்.

லில்லின்னு பேர் இருக்கிறதெல்லாம் லில்லி கிடையாது, இதையும் சொல்லிடணும். நம்ம மாநிலப் பூ செங்காந்தளை இங்கிலீஷ்ல குளோரி லில்லின்னு சொல்வாங்க. அது இப்போ வேற குடும்பம். வாட்டர் லில்லி சுத்தமா சம்பந்தமே இல்லாத ஆள். மாரிபோசா மட்டும் அசல் லில்லி குடும்பம், அதாவது நீலகிரி, பழநி மலைகள்ல பூக்கிற நீலகிரி லில்லிக்குத் தூரத்துச் சொந்தம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கையில ஒரு பூ இருக்கு. இல்ல, கையில இருக்கக்கூடாது, அது ஏன்னு பின்னாடி சொல்றேன். கண்ணு முன்னாடி ஒரு பூ இருக்கு. இது கலோகார்டஸ்தானான்னு முதல்ல எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வெளிவட்டம், உள்வட்டம் ரெண்டையும் பாருங்க. உண்மையான லில்லியில ஆறு இதழும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கலோகார்டஸ்ல அப்படி இல்ல. வெளியில மூணு புல்லி இதழ், ஒல்லியா, கூர்மையா. உள்ள மூணு அல்லி இதழ், அகலமா, வண்ணமா. இந்த வித்தியாசம் தெரிஞ்சா பாதிக் கிணறு தாண்டியாச்சு. மீதிப் பாதிதான் பிரச்சினை.

நம்ம எல்லாரும் முதல்ல பார்க்கிறது நிறம். மஞ்சள் ஒரு இனம், வெள்ளை ஒரு இனம், ரோஸ் ஒரு இனம்னு மனசு தானா பிரிச்சுடும். இங்கதான் கலோகார்டஸ் வெனுஸ்டஸ்னு ஒருத்தர் வர்றார். வெள்ளையா இருப்பார். மஞ்சளா இருப்பார். ரோஸ், ஊதா, அடர் ரத்தச் சிவப்பு எல்லாம் உண்டு. ஒரே இனம், ஒரே சரிவுல, பக்கத்துப் பக்கத்துச் செடியில வேற வேற கலர். இதழ் நடுவுல ஒரு அடர் கறை, சில சமயம் அதுக்கு மேல வெளிறின இன்னொரு கறையும் இருக்கும். அந்தக் கறையை நம்பலாமான்னா, பக்கத்து இனத்துக்கும் கறை இருக்கு. சூப்பர்பஸ்னு ஒரு இனம். அதுவும் வெள்ளை, மஞ்சள், இளம் ஊதான்னு மாறும், அதுக்கும் நடுவுல கறை. மூணாவது ஆள் லூட்டியஸ். பேருக்கே மஞ்சள்னுதான் அர்த்தம், பூவும் நல்ல மஞ்சள். ஆனா மஞ்சளா இருக்கிறதெல்லாம் லூட்டியஸ் இல்ல, மத்த ரெண்டு பேரும் மஞ்சள்ல வர்றாங்களே!

நம்ம பாஷையில சொன்னா நிறம் டிஸ்ப்ளே நேம் மாதிரி. யார் வேணா எதை வேணா வச்சுக்கலாம். பிரைமரி கீ வேற எங்கயோ இருக்கு.

எங்க இருக்கு? கிண்ணத்தோட அடியில. ஒவ்வொரு அல்லி இதழோட உள்பக்கம், அடிப்பகுதிக்குக் கொஞ்சம் மேல, ஒரு தேன் சுரப்பி இருக்கு. பூச்சிக்கான சாப்பாட்டுக் கடை அதுதான். சுரப்பி மேலயோ சுத்தியோ பொடிப்பொடியா முடி இருக்கும், அதனால அந்த இடம் மட்டும் வெல்வெட் துணியில ஒட்டுப்போட்ட மாதிரி தனியாத் தெரியும். அந்த ஒட்டோட வடிவம்தான் கீ.

லூட்டியஸ்ல அது பிறை நிலா. படுக்கவச்ச பிறை, சில செடியில கொஞ்சம் நீள்சதுரம் பக்கம் சாயும். வெனுஸ்டஸ்ல ஏறக்குறைய சதுரம், கேரம் போர்டு மாதிரி. சூப்பர்பஸ்ல தலைகீழ் வி, ஓட்டு வீட்டோட கூரையைப் பக்கவாட்டுல இருந்து பார்க்கிற மாதிரி. பிறை, சதுரம், கூரை. இந்த மூணை மனசுல வச்சுக்கிட்டாலே, என் ரூம்மேட் கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் வந்துடும். வடக்குக் கடலோர மலைத்தொடர் பக்கம் போனீங்கன்னா வெஸ்டேன்னு நாலாவது ஆள் உண்டு. வெள்ளையோ ஊதா சாயலோ இருக்கும், கறையைச் சுத்தி வெளிர் மஞ்சள் வளையம். பார்த்தா சூப்பர்பஸ்னு சத்தியம் பண்ணலாம். ஆனா சுரப்பி இரட்டைப் பிறை.

இந்தச் சுரப்பியோட வடிவம் ஏன் நிறத்தை விட நம்பகமானதுன்னு எனக்கு முதல்ல சந்தேகம் இருந்துச்சு. நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான்: ஒரே சரிவுக்குள்ளயே நிறம் செடிக்குச் செடி மாறுது, சுரப்பியோட வடிவம் அவ்வளவு மாறுறதில்ல. 1940ல மேரியன் ஓன்பேன்னு ஒரு தாவரவியலாளர் இந்தப் பேரினம் முழுசையும் பத்தி ஒரு பெரிய ஆய்வு நூல் எழுதினார். அதுலயும் சரி, இன்னைக்கு ஆன்லைன்ல இலவசமாக் கிடைக்கிற ஜெப்சன் இ-ஃப்ளோராவுலயும் சரி, இனத்துக்கு இனம் சுரப்பியோட வடிவம், அது குழிஞ்சிருக்கா இல்லையா, முடி எப்படின்னுதான் விலாவாரியா எழுதியிருக்கும்.

ஜெப்சன் இ-ஃப்ளோராவை ஒரு தடவை திறந்து பாருங்க, ரொம்ப சந்தோஷப்படுவீங்க. அடையாளம் காண்ற பக்கம் முழுக்க இஃப்-எல்ஸ்தான். பூ தொங்குதா, நிமிர்ந்திருக்கா? நிமிர்ந்திருந்தா இந்த வரிக்குப் போ. சுரப்பி வட்டமா, வட்டம் இல்லையா? இல்லன்னா அந்த வரிக்குப் போ. நூறு வருஷத்துக்கும் மேல தாவரவியல்காரங்க டெசிஷன் ட்ரீயை அச்சடிச்ச புத்தகமா விக்கிறாங்க, நமக்குத்தான் தெரியல!

மஞ்சள் பூவுல இன்னொரு சிக்கல் இருக்கு. கிளாவேட்டஸ்னு ஒரு இனம். தூரத்துல இருந்து பார்த்தா லூட்டியஸ்தான். கிட்டப் போய் உள்ள எட்டிப் பார்த்தா சுரப்பி வட்டமா, கட்டைவிரலால அமுக்கின மாதிரி குழிஞ்சிருக்கும். சுத்தியிருக்கிற முடிகளோட நுனி தடிச்சு, குட்டிக் கதாயுதம் மாதிரி நிக்கும். கிளாவேட்டஸ்னாலே லத்தீன்ல அதான் அர்த்தம். லூட்டியஸ்ல குழியும் கிடையாது, கதையும் கிடையாது.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் கிண்ணம் மாதிரி நிமிர்ந்து நிக்கிற கூட்டம். அசல் மாரிபோசா இவங்கதான். இவங்க இல்லாம வேற உருவங்களும் இருக்கு. தலையைத் தொங்கப்போட்டு, இதழ் நுனியெல்லாம் மூடி, பேப்பர் விளக்கு மாதிரி தொங்குறதுக்கு ஃபேரி லான்டர்ன்னு பேர். சின்னதா, விரிஞ்சு, உள்பக்கம் முழுக்கப் பூனைக்காது மாதிரி முடியோட இருக்கிறது கேட்ஸ் இயர். அதே அளவுல முடி அதிகம் இல்லாதது ஸ்டார் டியூலிப். இந்தக் கூட்டங்களைப் பிரிக்க ஒரு குறுக்குவழி காயைப் பார்க்கிறது. அசல் மாரிபோசாவோட காய் ஒல்லியா, நீளமா, நிமிர்ந்து நிக்கும், வெண்டைக்காய்ப் பிஞ்சைச் செடியில பார்க்கிற மாதிரி. லான்டர்ன் கூட்டத்துக்குக் காய்ல மூணு பக்கமும் இறக்கை மாதிரி விளிம்பு இருக்கும்.

லான்டர்ன்ல ஒரு வேடிக்கை என்னன்னா, அங்க நிறம் கொஞ்சம் உதவும். வெள்ளைன்னா பெரும்பாலும் ஆல்பஸ். மஞ்சள்னா? புல்கெல்லஸ், அமாபிலிஸ்னு ரெண்டு முக்கியமான ஆளுங்க. புல்கெல்லஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே டயாப்லோ மலையைச் சுத்தி மட்டும்தான் வளரும். அமாபிலிஸ் வளைகுடாவுக்கு வடக்கே கடலோர மலைகள்ல. அமாபிலிஸ்ல இதழ் நுனிகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, காத்தாடி மாதிரி முறுக்கிக்கும். ஆனா உண்மையைச் சொன்னா, நீங்க எந்த மலையில நிக்கிறீங்கன்னு சொன்னாலே போதும், பாதிப் பேர் பூவைப் பார்க்காமலே பதில் சொல்லிடுவாங்க.

இந்த எபிசோட்ல எனக்குப் பிடிச்ச பகுதி இப்போதான் வருது. ஜிபிஎஸ் ஏன் இவ்வளவு பெரிய சாட்சி?

2004ல தாமஸ் பேட்டர்சன், தாமஸ் கிவ்னிஷ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பேரினத்தோட டிஎன்ஏவை வச்சு வம்சாவளி மரம் போட்டாங்க. ஒரே மாதிரி இருக்கிறவங்க எல்லாம் ஒரு கிளையில வரணும்னுதானே எதிர்பார்ப்போம்? லான்டர்ன் எல்லாம் ஒரு கிளை, பூனைக்காது எல்லாம் ஒரு கிளைன்னு. அப்படி வரல. கிளைகள் ஊர்வாரியா வந்துச்சு. ஒரு வட்டாரத்துல இருக்கிற, பார்க்க வேற வேற மாதிரி இருக்கிற பூக்கள்தான் ஒண்ணுக்கொண்ணு நெருங்கின சொந்தம். கிண்ணம், பூனைக்காது மாதிரி உருவங்கள் வேற வேற இடத்துல, தனித்தனியா, ஒரு தடவைக்கு மேல உருவாகியிருக்கு. ரெண்டு டீம் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே ஒரே யூஐ டிசைனுக்கு வந்து சேர்ந்த மாதிரி.

இதுக்குக் காரணம் விதை. கலோகார்டஸ் விதைக்குப் பறக்கப் பஞ்சு கிடையாது, பறவை தின்னச் சதைப்பழம் கிடையாது. காய் வெடிச்சு, தண்டு ஆட, விதை அம்மா காலடியிலயே விழும். அதனால ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் நடுவுல ஒரு பள்ளத்தாக்கு வந்தா போதும், ரெண்டு பக்கமும் குடும்பம் பிரிஞ்சுடும்.

இதோட உச்சம் பார்க்கணும்னா ரிங் மவுண்டனுக்குப் போகணும். சான் பிரான்சிஸ்கோவுல இருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி, மெரின் கவுண்டியில டிபுரான் தீபகற்பத்துல இருக்கு. பேர்தான் மவுண்டன், உயரம் சுமார் 180 மீட்டர். சுத்தி வீடு, ரோடு. அந்தக் குன்றுல 1971ல, செடிகள்ல ஆர்வம் இருந்த ஒரு மருத்துவர் கண்ணுல விசித்திரமான ஒரு கலோகார்டஸ் பட்டுச்சு. பச்சையும் மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம், இதழெல்லாம் முடி. 1973ல அதைப் புது இனம்னு அறிவிச்சாங்க, கலோகார்டஸ் டிபுரோனென்சிஸ். உலகத்துல வேற எங்கயும் கிடையாது. அந்த ஒரு குன்றுதான். அவ்வளவு பெரிய ஊருக்குப் பக்கத்துல, அத்தனை பேர் நடந்துபோற பாதைக்கு அருகில, 1971 வரைக்கும் அறிவியலுக்கு அப்படி ஒரு பூ இருக்கிறதே தெரியாது. 1995ல அமெரிக்க அரசு அதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாப் பட்டியல்ல சேர்த்துச்சு.

அந்தக் குன்று சர்பென்டைன் பாறை. கலிஃபோர்னியாவோட மாநிலப் பாறையே அதுதான். அந்த மண்ணுல கால்சியம் கம்மி, மக்னீசியம் அதிகம், நிக்கல் மாதிரி உலோகம் வேற. சாதாரணப் புல்லுக்கே பிடிக்காது. அதைத் தாங்கிப் பழகின செடிங்க அங்கேயே தனி உலகமா இருக்கும். அதனால ஒரு கலோகார்டஸைப் பார்த்தா, பூவை மட்டும் பார்க்காம காலுக்குக் கீழ இருக்கிற மண்ணையும் ஒரு போட்டோ எடுங்க. வழவழன்னு, பச்சை சாம்பல் நிறத்துல கல் இருந்தா, அது பெரிய துப்பு.

இப்போ, தப்பாப் பேர் வச்சா என்ன ஆகிடப்போகுது? நியாயமான கேள்வி. ஐநேச்சுரலிஸ்ட்ல நீங்க ஒரு போட்டோ போடறீங்க. தேதி, இடம் இருக்கு. பேர் சொன்னவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒரே இனத்தைச் சொன்னா அது ரிசர்ச் கிரேட் ஆகிடும். குறைஞ்சது ரெண்டு பேர் போதும். அங்க இருந்து அது உலகளாவிய பல்லுயிர் தரவுத்தளமான ஜிபிஐஎஃப்புக்குப் போகலாம். ஆராய்ச்சியாளர்கள் அதை எடுத்து மேப் போடறாங்க. அந்தத் தளத்தோட பட அடையாள மாடலும் மக்கள் போட்ட படங்கள், பேர்களை வச்சுத்தான் பயிற்சி எடுக்குது. யோசிச்சுப் பாருங்க. மாடல் ஒரு பேரைப் பரிந்துரைக்குது, நீங்க ஓகே சொல்றீங்க, இன்னொருத்தர் வந்து "ஆமா, அதான்"னு அமுக்கறார். ரெண்டு பேருமே சுரப்பியைப் பார்க்கல, ஏன்னா பக்கவாட்டுல எடுத்த அந்தப் போட்டோவுல சுரப்பியே இல்ல. மாடலோட ஊகம் மாடலுக்கே பாடமாத் திரும்பிப் போகுது. டெஸ்ட் டேட்டா ட்ரெயினிங்ல கலந்துட்டா நாம எவ்வளவு கத்துவோம்?

கலிஃபோர்னியாவுல 1970ல வந்த சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ, ஒரு கட்டுமானத்துக்கு முன்னாடி அந்த இடத்துல அரிய செடிகள் இருக்கான்னு பார்க்க வேண்டி வரும். அந்த சர்வேயை பூக்கிற சமயத்துல பண்ணணும், ஏன்னா மத்த மாசத்துல கலோகார்டஸ் மண்ணுக்கடியில ஒரு சின்ன வெங்காயம், அவ்வளவுதான். எங்க போய்ப் பார்க்கணும்னு முடிவு பண்ணப் பழைய பதிவுகளைப் புரட்டுவாங்க. அதுல அரிய புல்கெல்லஸை சாதாரண இனம்னு யாரோ போட்டிருந்தா? பேர் தெரியலன்னா 'கலோகார்டஸ்'னு பேரினத்தோட நிறுத்துறது எவ்வளவோ மேல். நல் வேல்யூ தப்பில்ல, தப்பான வேல்யூதான் தப்பு.

அதனால போட்டோ எடுக்கிறது எப்படின்னு சொல்றேன், குறிச்சுக்கோங்க. வெயில் ஏறினப்புறம், பூ நல்லா விரிஞ்சிருக்கும்போது, நேரா மேல இருந்து கிண்ணத்துக்குள்ள ஒண்ணு. சுரப்பி ஃபோகஸ்ல இருக்கணும், கறை இல்ல. நிறைய பேர் கறையில ஃபோகஸ் வைப்பாங்க, அதான் கண்ணைப் பறிக்குது. பக்கவாட்டுல இருந்து புல்லி இதழ் தெரியற மாதிரி ஒண்ணு. பக்கத்துல காய் இருந்தா அது. அப்புறம் மண்ணு, சரிவு. உள்ள வண்டு உட்கார்ந்திருந்தா எழுப்பாதீங்க, அதோட சேர்த்தே எடுங்க.

பறிக்க மட்டும் வேண்டாம். விதையில இருந்து முதல் பூ வர பொதுவா மூணுல இருந்து அஞ்சு வருஷம் ஆகும். பல செடிக்கு அந்த வருஷத்துக்கு ஒரே தண்டு, ரெண்டு மூணு பூ. அதைக் கிள்ளினா அந்த வருஷ விதை மொத்தமும் போச்சு. அரிய இனம்னா ஐநேச்சுரலிஸ்டே துல்லியமான இடத்தை மறைச்சுக் காட்டும், கிழங்கு தோண்டற ஆளுங்களுக்கு வழிகாட்டக்கூடாதுன்னுதான். அதனால இன்ஸ்டாவுல லொகேஷன் டேக் பண்ணி அந்த வேலையைக் கெடுக்காதீங்க.

ஒரு நேயர் கேள்வி இருக்கு, அதோட முடிச்சுக்கலாம். "இந்தக் கிழங்கைச் சாப்பிடுவாங்கன்னு படிச்சேன், உண்மையா?" உண்மைதான். யூட்டா மாநிலப் பூவே ஒரு கலோகார்டஸ், நட்டாலியை, ஊர்ப்பேர் சீகோ லில்லி. 1911ல மாநிலப் பூவா அறிவிச்சாங்க. அந்தப் பகுதிப் பழங்குடி மக்கள் அதோட கிழங்கை ரொம்ப காலமாச் சாப்பிட்டிருக்காங்க. 1840களின் கடைசியில அங்க குடியேறின மார்மன் மக்களும் பஞ்சத்துல அதைத் தோண்டிச் சாப்பிட்டுத்தான் தாக்குப்பிடிச்சாங்க. ஆனா அதே மேற்குப் பகுதிகள்ல டெத் கேமஸ்னு இன்னொரு செடி இருக்கு. இலை அதே மாதிரி புல், கிழங்கு அதே மாதிரி குட்டி வெங்காயம். பேர்லயே சாவு இருக்கு, விஷம். பூவோட பார்த்தா குழந்தை கூடப் பிரிச்சிடும், டெத் கேமஸ்ல சின்னச் சின்ன வெளிர் பூ கொத்தா இருக்கும். பூ உதிர்ந்தப்புறம் தோண்டினா, சுரப்பியும் இல்ல, கறையும் இல்ல, ரெண்டும் வெறும் கிழங்கு. அதனால யாராவது "காட்டுல தோண்டிச் சாப்பிடலாம்"னு ரீல்ஸ் போட்டா, ஸ்க்ரோல் பண்ணிப் போய்க்கிட்டே இருங்க.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே. பை.